மோட்டார் நிற்கும் நேரம்

எங்கள் வீட்டில் மணி பார்க்கக் கடிகாரம் வேண்டியதில்லை, மின்விசிறியே போதும். காலை ஏழு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டு சுற்றும் விசிறி, ஒன்பது மணிக்கு அடங்கத் தொடங்கும். பத்து மணிக்கு அதன் மூன்று இறக்கைகளையும் படுத்தபடியே தனித்தனியாக எண்ணிவிடலாம். மலேசியாவில், தைப்பிங்கில், நாற்பது வருடம் வாழ்ந்தவள் நான். சுவிட்சைத் தட்டினால் கரண்ட் வரும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்ததில்லை. மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே, உப்பளங்களைப் பார்த்த இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் கரண்டுக்கும் உடம்பு சரியில்லாமல் போகும் என்று தெரிந்துகொண்டேன்.

என் கணவர் முருகனுக்கு இதுதான் சொந்த ஊர். தைப்பிங்கில் வெல்டராக இருந்தார். பெர்மிட் முடிந்து அவர் திரும்பியபோது நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே கோலகங்சாரில் ஒரு மலாய்க்காரர் கடையில் லாபு சாயோங் என்கிற கறுப்புத் தண்ணீர்க் குடுவை செய்யும் வேலை பார்த்தவள். கை சும்மா இருக்குமா? ஆரோவில்லில் பீங்கான் வேலை செய்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி ஊருக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய மின்சூளையை வாங்கிவிட்டோம். பார்க்க ஒரு ஃப்ரிட்ஜ் அளவுதான். பசியோ யானைப் பசி. பின்பக்கக் கொட்டகையில் அதை வைத்து, விருந்தினர் விடுதிகளுக்குக் கோப்பையும் தட்டும் சுட்டுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் கழித்து முதல் பில் வந்தது. முருகன் போனில் அதை இரண்டு தடவை படித்தார். போனை என்னிடம் நீட்டினார். கோப்பை விற்ற காசு முழுவதும் கரண்டுக்கே போனது, அதற்கும் மேலே அவருடைய வெல்டிங் கூலியும் கொஞ்சம் போயிருந்தது. "அடுத்த பில்லும் இப்படியே வந்துச்சின்னா வித்துடலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தன்மையாகச் சொன்னதால் சரி என்று தலையாட்டிவிட்டேன். கொட்டகைக்குள் போய்ச் சூளையின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் முருகனின் மனைவி என்பதைத் தவிர எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சிக்கனத்துக்கு எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். சூளை நிறையாமல் சுடுவதில்லை. மெருகு பூசுவதற்கு முந்தைய முதல் சூட்டில் பெரிய கிண்ணத்துக்குள் சின்னக் கோப்பையைக் கவிழ்த்து இடம் பிடித்தேன். மூடியின் இடுக்கில் சூடு தப்பாமல், தீப்பிடிக்காத சூளைப் பஞ்சு வைத்து அடைத்தேன். ஆனாலும் எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய சூடு பதினான்கு மணி நேரம் இழுத்தது. கடைசியில் கூனிமேட்டிலிருந்து பஷீர் பாயைக் கூட்டி வந்தோம். துபாயில் இருபது வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சூளையில ஒரு குத்தமும் இல்லம்மா. வோல்டேஜ் கம்மியா இருக்குது. அடுப்புல விறகு கம்மியா வச்சா சோறு வேவ நேரம் ஆவும்ல? அது மாதிரிதான். நேரம் ஆவ ஆவ சூடெல்லாம் வெளிய போயிடுது, யூனிட்டு ஏறிக்கினே இருக்குது" என்றார். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் உப்பளத்து மோட்டார்களும் பயிர்க் கொல்லைகளின் பம்புசெட்டுகளும் ஓடுகிற வரை இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார். அதைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரின் விலையைக் கேட்டதும் முருகன், பாய்க்கு என்னை டீ போடச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். பாய் கூலி வாங்கவில்லை, இரண்டு டீக்கோப்பைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். சுவரில் ஒரு வோல்ட் மீட்டரையும் மாட்டிவிட்டுப் போனார். பிறகு ராத்திரியில் சுட்டுப் பார்த்தேன், கொல்லைகளுக்கு அப்போதும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததால் அதே இழுவைதான்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், காலண்டரில் இல்லாத மழை ஒன்று வந்தது. தைப்பிங் மழைக்குப் பேர் போன ஊர். அங்கே பொழுதுக்கும் கொட்டும், 'ஹுஜான் லாகி', மறுபடியும் மழை, என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே குடையை விரிப்பார்கள். மழையால் யாருக்கும் ஒன்றும் ஆனதாக எனக்கு நினைவில்லை. கொட்டகைக்குள் போய் மீட்டரைப் பார்த்தேன். மற்ற நாட்களில் நூற்றெண்பதைத் தாண்டாதது, இருநூற்று முப்பத்திரண்டு! மழையில் மோட்டார்கள் எல்லாம் நின்றுவிட்டிருந்தன. துள்ளிக் குதித்துக்கொண்டு சூளையைப் போட்டேன். அப்போது பக்கத்து வீட்டுச் செல்வி நனைந்தபடி வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பிக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் கூலி வேலை செய்பவள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். "என்ன செல்வி, லீவு கிடைச்சிருச்சா? ஜாலிதான்! இன்னும் ரெண்டு நாளைக்கு நல்லா கொட்டட்டும்!" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முருகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மழ பேஞ்சா அவங்களுக்கு ஏது கூலி? வாரி வச்ச உப்பு கரைஞ்சிடும். பாத்தி மறுபடி உப்பு பூக்க பத்து பதினஞ்சு நாளாவும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வூட்டுல இன்னா பண்ணும்?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரே மொழி பேசுகிறோம் என்பதால் ஒரே வானத்தைப் பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வெறுங்கையோடு அவள் வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டதும் செல்வி சிரித்துவிட்டாள். "நீங்க சொல்லித்தான் மழ பேஞ்சுதா? உங்க வாய்க்கு அவ்ளோ பவரா? அப்படின்னா தெனம் வெயில் அடிக்கச் சொல்லுங்கக்கா, எங்க மேஸ்திரி உங்களுக்கும் கூலி போட்டுக் குடுப்பாரு." பிறகு, "ஆமா, மழைக்கும் உங்க சூளைக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டாள். சொன்னேன். சூளையை விற்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். "மோட்டார்தானே? பாத்திக்குத் தண்ணி நெறஞ்சிட்டா ஆஃப் பண்ணிடுவாங்க. என்னிக்கு, எப்பன்னு எங்களுக்குக் காலையிலயே தெரியும். நான் போன் பண்றேன், நீங்க போட்டுக்கோங்க" என்றாள், ஏதோ கறிவேப்பிலை கிள்ளிக் கொடுப்பதுபோல.

பாத்திகள் சரியாகி வேலை தொடங்கியதும் போன் வர ஆரம்பித்தது. "அக்கா, இன்னிக்குப் பதினோரு மணிக்கு மேல மோட்டார் கெடையாது." சூளை தொடக்கத்தில் மெல்லத்தான் சாப்பிடும், கடைசி மூன்று நான்கு மணி நேரம்தான் அள்ளி விழுங்கும். அந்த நேரம் மோட்டார் நிற்கும் நேரத்தில் வருகிற மாதிரி கணக்குப் பண்ணிக் காலையிலேயே போட்டுவிடுவேன். பதினான்கு மணி நேரம் ஒன்பதாகக் குறைந்தது. எனக்கு இவ்வளவு செய்ய இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும்.

யூனிட் குறைந்ததில் ரேட்டும் இறங்கி அடுத்த பில் பாதிக்கும் கீழே வந்தது, சூளையை விற்கவில்லை. தைப்பிங்கில் இதைப் படித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் என் அக்கா தங்கைகளுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது, அந்தப் பில்லுக்கு மீட்டர் கணக்கு எடுப்பதற்கு முந்தின வாரத்தில் நடந்ததை. ஒரு விடுதிக்கு அறுபது கோப்பைகள் கொடுக்க வேண்டும். சூளையில் அடுக்கிவைத்துவிட்டு, மோட்டார் நிற்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். மதியம் தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. முன்பென்றால் நேராகக் கொட்டகைக்குள் ஓடியிருப்பேன். அன்று என் கால்கள் எதைக் கேட்டனவோ, வேலியைத் தாண்டி உப்பளத்துக்கு ஓடின. வரப்பு நெடுக உப்பு அம்பாரங்கள். செல்வியும் மற்றவர்களும் அவற்றை மூட ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓர் ஓலைக்கட்டைத் தூக்கினேன். ஓலை உள்ளங்கையைக் கிழித்தது, அதில் உப்புப் பட்டு உயிர் போனது. எல்லா அம்பாரத்தையும் மூடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. பாதிதான் காப்பாற்ற முடிந்தது.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு செல்வி என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா இங்க நின்னுக்கினு இருக்கீங்க? எல்லா மோட்டாரும் நின்னு போச்சி. நாளைக்கு மழத் தண்ணிய எறைக்கத் திரும்பப் போட்டுடுவாங்க. போங்க, இப்பவே சூளையப் போடுங்க."

"உன் உப்பு..."

"அது எங்களுக்குப் பழக்கந்தான். ஓடுங்க!"

ஓடினேன். கொட்டகைக்குள் மீட்டர் இருநூற்று முப்பத்து நான்கு காட்டியது. ஈரக் கையைத் துடைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். எட்டு மணி நேரம் இந்த மழை எனக்கு வேண்டும், செல்வியின் மிச்ச உப்புக்கோ அது இப்போதே நிற்க வேண்டும். கூரைத் தகடு அதிரப் பெய்துகொண்டிருந்த அந்த மழையைப் பார்த்து, "நில்லு, நில்லு" என்றுதான் என் வாய் முணுமுணுத்தது. போட்ட சுவிட்சை அணைக்க மட்டும் கை போகவில்லை.