இரண்டு கேமராக்களும் ஒரு கண்ணும்

நகரப் பேருந்து ஓட்டும் அவரைப் பணிமனையில் எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஹாரன் அடிப்பதே இல்லை. அதனால் வந்த பெயர். முன்னால் போகிறவன் என்ன செய்யப்போகிறான் என்பது கண்ணுக்குத் தெரியும்போது எதற்காகக் கத்த வேண்டும் என்பது அவருடைய கட்சி.

சில வாரங்களாக அவரும் அடிக்க ஆரம்பித்திருந்தார். எதிரே வரும் வண்டியின் எண்பலகை கிட்டத்தில் வந்த பிறகுதான் தெளிந்தது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் அழுக்கு என்று துடைக்கச் சொன்னார். பிறகு வைப்பரை மாற்றச் சொன்னார். மெக்கானிக் மாற்றிவிட்டு, "இதுக்கு மேல தொடைச்சா கண்ணாடி தேஞ்சுடும்ணே" என்றார்.

அடுத்த மாதம் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை. தேறாதவர்களை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவைத்துவிடுவார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை.

கேமராவைப் பற்றித்தான் பேசினார். மகள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். அவர் போனில் எடுத்த படத்தைப் பார்த்து, "இதுல நான் எதுப்பா?" என்று கேட்டுவிட்டாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒன்று கைக்கு அடக்கம். தூரத்தை இழுக்கும் லென்ஸும் சேர்ந்தே வரும். மற்றது கனம், ஆனால் ஓடுகிறவர்களை விடாமல் படபடவென்று எடுக்கும்.

"எங்க அக்காவைக் கட்டிக்கக்கூட நீங்க இவ்ளோ யோசிக்கல மாமா" என்றான் மைத்துனன்.

"அப்ப யோசிச்சிருக்கணும்."

"காதுல விழுது" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனனைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். சாவியை அவனிடம் கொடுத்ததே கிடையாது. அவன் ஓட்டினால் வண்டிக்கே தலை சுற்றும் என்பார்.

விற்பனைப் பெண் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். கனமானதன் துளையில் கண்ணை வைத்து, எதிர்ப்பக்க மருந்துக்கடையின் பலகையைப் பார்த்தார். எழுத்துகள் தண்ணீரில் ஊறியவைபோல இருந்தன. பொத்தானை லேசாக அழுத்தினார். லென்ஸ் முனகியது, எழுத்து தெளியவில்லை. அடக்கமானதை எடுத்தார். பலகை பளிச்சென்று தெரிந்தது. தொலைபேசி எண்வரை படித்துவிட்டார். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"அது டப்பா. இதையே எடுத்துக்கலாம்."

மைத்துனன் கனமானதை வாங்கிப் பார்த்தான். "நல்லாத்தானே தெரியுது மாமா."

"உனக்கு என்ன தெரியும், குடு." மறுபடி வைத்துப் பார்த்தார். எழுத்து மங்கலாகவே நின்றது.

"சார், கண்ணு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல சின்னச் சக்கரம் இருக்கு பாருங்க" என்றாள் அந்தப் பெண். "அவங்கவங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கலாம். முன்னாடி பார்த்தவங்க யாராவது திருப்பியிருப்பாங்க."

அவருக்கு மூச்சு வந்தது. "பாத்தியா மாப்ள, எவனோ திருகி வச்சிருக்கான்."

அவள் கனமானதைத் திருப்பிப் பார்த்தாள். "இது நடுக்கோட்டுலதான் இருக்கு சார்." பிறகு அடக்கமானதைப் பார்த்தாள். "இதைத்தான் ஓரத்துக்குக் கொண்டுபோயிருக்காங்க." உதவி செய்வதாக நினைத்து அதையும் நடுவுக்கு நகர்த்தி நீட்டினாள். "இப்ப ரெண்டும் ஒண்ணு."

பார்த்தார். பலகை கரைந்தது.

உலகம் மங்கும்போது உலகத்தைக் குறை சொல்வது சுலபம். கண்ணாடி, வைப்பர், கேமரா என்று சொல்லியாகிவிட்டது. குறை சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

"தெரியலையா மாமா?"

"தெரியல."

"அதனால என்ன சார், உங்களுக்குத் தெரியற மாதிரி நானே திருப்பித் தர்றேன்."

"திருப்பிடலாம்மா. பஸ்ஸுல அந்தச் சக்கரம் இல்லையே" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. மைத்துனனுக்குக் கொஞ்சம் புரிந்தது. அடக்கமானதில்தான் தெளிவாகத் தெரிகிறது என்ற காரணம் போய்விட்டதால், மகள் ஓடுவதை நினைத்துக் கனமானதுக்கே பில் போடச் சொன்னார்.

வெளியே வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு மாப்ள."

மைத்துனன் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். "வீட்டுக்கா?"

"கண் ஆஸ்பத்திரி ஏதாவது திறந்திருக்கா பாரு. இல்லன்னா வீட்டுக்கு. நாளைக்கு லீவு சொல்லிடறேன்."

முதல் திருப்பத்திலேயே மைத்துனன் நீளமாக ஹாரன் அடித்தான். அவர் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் எண்பலகைகளை ஒவ்வொன்றாகப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.