பால்பாயசத்துக்கு ஒரு பேன் மரி: தாம்பரம் முதல் நாவலூர் வரை

அலுவலக வேலையை விட்டு வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கத் தொடங்கிய எனக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு, நாவலூரில் ஓர் அலுவலகக் கேன்டீன். போன செவ்வாய் மாதிரிக்குப் பால்பாயசம் கொண்டுபோனேன். வழியில் ஆறிவிட்டது. அங்கே அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன், அடிப்பிடித்துவிட்டது. "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம் மேடம். அதுதான் கடைசி" என்றார் மேலாளர். இது அந்த வெள்ளிக்கிழமைப் பயணம்.

வழி தேடியபோது கண்ணில் பட்டது 'பேன் மரி' என்ற பிரெஞ்சுச் சமையல் சொல். 'மரியின் குளியல்' என்று பொருள். பாத்திரத்தை நெருப்பில் வைக்காமல், சுடுநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைப்பது. மரி, பழங்காலத்தில் உலோகங்களைக் காய்ச்சி ஆராய்ந்த ஒரு பெண்ணாம். உறுதியாகச் சொல்ல யாருமில்லை.

காலை 10.50க்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஆட்டோ. 22 கி.மீ., பேசியது 480 ரூபாய். சுடுநீர் அண்டாவுக்குள் பாயசத் தூக்கை இறக்கிக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, பாயசத்த குளிப்பாட்டிகினு வர்றீங்க?" என்றார் ஓட்டுநர்.

"பிரெஞ்சுக்காரங்க முறைண்ணா."

மேடவாக்கம் நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றோம். சோழிங்கநல்லூரில் மணி 12.20, அண்டாத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. கேன்டீனில் ஒரு மணிக்குச் சாப்பாடு. என் முகத்தைப் பார்த்து அவரே டீக்கடையில் நிறுத்தினார்.

"மாஸ்டர், அக்காவுக்குச் சுடுதண்ணி குடு. பாயசத்துக்குச் சளி புடிச்சிக்கும் போல கீது!"

மாஸ்டர் பாய்லர் குழாயைத் திறந்தார். அப்போதுதான் கவனித்தேன்: அவருடைய பால் பாத்திரம் பாய்லரின் தலையில், சுடுநீருக்குள் பாதி இறங்கி உட்கார்ந்திருந்தது.

"அடிப்பிடிக்காதா மாஸ்டர்?"

"காலைல அஞ்சு மணிலேர்ந்து அப்டியே கீதுக்கா. அடுப்புல வச்சாதான் பேஜாரு."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "இவரும் பிரெஞ்சுக்காரரா?"

12.55க்கு நாவலூர். மேலாளர் கரண்டியை வாயருகே கொண்டுபோய், ஊதினார். அந்த ஊதலிலேயே எனக்கு மூச்சு திரும்பியது. "திங்கள்ல இருந்து தினமும் நாற்பது பேருக்குக் கொடுங்க மேடம்."

இப்படிச் சமைத்த உணவோடு போகிறவர்களுக்கு: பத்து மணிக்கே கிளம்புங்கள். அண்டாவில் பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வேகத்தடையில் சேலை நனையும். நாற்பது வயது தாண்டியும், எத்தனையோ டீ குடித்தும், பாய்லரின் மேலே என்ன இருக்கிறதென்று நான் பார்த்ததில்லை. நீங்கள் பாருங்கள்.

திரும்பும்போது அதே கடையில் இறங்கி, மாஸ்டருக்கு மீதிப் பாயசம் ஒரு டம்ளர் கொடுத்தேன். உதட்டில் வைத்தவர் சட்டென்று எடுத்தார்.

"இன்னும் சுடுதுக்கா."