கோட்டின் மேல் பட்டன்

அவர் பல்செட் செய்கிறவர். மருத்துவர் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பல் பதித்து, வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது வேலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் பட்டறை. ஊரில் பாதிப் பேர் அவர் கைவேலையால்தான் மென்று தின்றார்கள். ஆனாலும் தெருவில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ‘புஸ்தகத்துல இல்ல’.

பெயர் வைத்த புண்ணியம் மேல்வீட்டு டைலரம்மாவுடையது. ஜன்னலைத் திறந்துவைத்துத் தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே இவர் வீட்டில் தொலைக்காட்சி ஓடினால் அத்தனை சத்தமும் அவள் காதில்தான் வந்து விழும். பழைய ஆங்கில நாவல்களைத் தொடராக எடுத்து ஒளிபரப்பும் நேரம் அது. குதிரை வண்டி, மழை, மெழுகுவர்த்தி, கீழே ஓடும் தமிழ் எழுத்து. இவர் அதைப் பார்க்கிறார் என்று சொல்வதைவிட விசாரிக்கிறார் என்று சொல்வது சரி.

“இந்த அத்தை எப்படிச் சாவா? புஸ்தகத்துல கடைசிவரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருப்பாளே!”

“பல்லப் பாரு பல்ல. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எவனுக்குய்யா இவ்ளோ வெள்ளப் பல்லு? சிரிச்சா கண்ணு கூசுது.”

பக்கத்தில் மனைவி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டர் அவளுடையது. நாள் முழுக்க ஊரார் கட்டிய முடிச்சுகளைச் சரிபார்த்து எடைபோட்டுவிட்டு வருகிறவள், வாரத்தில் ஒரு மணி நேரம் யாரோ ஒருத்திக்காக அழ ஆசைப்பட்டாள். கண்ணில் நீர் திரளும் நேரம் பார்த்து அவர் வாயைத் திறப்பார். நீர் வந்த வழியே போய்விடும்.

அவருடைய பெரிய வழக்கு ஒரே ஒரு நாவல் மேல். உப்பு வியாபாரியின் மகளுக்கும் கப்பல் வைத்தியருக்கும் நடுவில் நடக்கிற கதை. பதினைந்து இருபது வருடத்துக்கு ஒருமுறை யாராவது அதைத் திரும்ப எடுப்பார்கள். கடைசியில் வைத்தியர் ஊரைவிட்டுப் போகிறார். இவர் சொல்படி, வியாபாரியின் மகள் மழையில் ஓடிவந்து, வாசல் கதவருகே வைத்தியரை நிறுத்தி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கோட்டின் மேல் பட்டனைப் போட்டுவிடுவாள். அவ்வளவுதான். வண்டி போய்விடும். இரண்டாவது முறை எடுத்தவர்கள் அந்த இடத்தில் பட்டனைக் காட்டவில்லை. “பட்டன் எங்க? கதையே அந்தப் பட்டன்லதான இருக்கு!” என்று அவர் போட்ட கூச்சலில் டைலரம்மா மேலேயிருந்து, “என்கிட்ட டஜன் கணக்குல கெடக்கு, அனுப்பட்டுமாண்ணே?” என்றாள்.

இந்த வருடம் அதை மூன்றாவது முறையாக எடுத்து ஒளிபரப்பத் தொடங்கினார்கள். முதல் வாரம், உப்பு வியாபாரி திரையில் வந்ததும் வராததுமாக இவர், “தாடி கெடையாது இவருக்கு” என்றார். மனைவி எழுந்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“மேல. அங்க கதை மட்டுந்தான் ஓடும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அவளோ, பார்சலுக்கு எடை சொல்கிற குரலில் சொன்னாள்.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். இவர் கீழே தனியாகப் பார்த்தார். ஒருமுறை பழக்கதோஷத்தில் “புஸ்தகத்துல இல்ல” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலியிடம் சொன்னால் சொன்ன மாதிரியே இல்லை. கூரைக்கு மேலே இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டது. ஒரே காட்சி, ஒரே நொடி. இங்கே அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு வாரம் மேலே சிரிப்பே இல்லை. மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. அது தன் மனைவிதான் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் அழுது அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கடைசி வாரத்துக்காவது அவளைக் கீழே வரவழைக்க வேண்டும் என்று தோன்றியது. ‘வாயேன்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது அவருக்கு வராது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புத்தகத்தை எடுத்து, பட்டன் வருகிற பக்கத்தைக் காட்டி, தான் இத்தனை வருடம் வீம்புக்குக் கத்தவில்லை என்று நிரூபிப்பது. நிரூபித்துவிட்டால் வருவாள் என்று நம்பினார்.

பரணிலிருந்து புத்தகத்தை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கல்யாணமான புதிதில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி முட்டிமோதி, ஒரு வருடம் போராடிப் படித்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிறதா என்று பார்க்கும் விளக்கை இழுத்துவைத்துக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தார்.

வைத்தியர் கிளம்புகிறார். மழை பெய்கிறது. உப்பு வியாபாரியின் மகள் மாடியில் ஜன்னலருகே நிற்கிறாள். வண்டிச் சத்தம் தேய்கிறது. ஜன்னலைச் சாத்துகிறாள். கதை முடிந்தது.

பக்கம் கிழிந்திருக்கும் என்று பார்த்தார். எண்கள் வரிசையாகத்தான் இருந்தன. முந்தின அத்தியாயத்தைப் புரட்டினார், அதற்கும் முந்தினதை. வாசல் கதவு இல்லை, ஓட்டம் இல்லை, பட்டன் இல்லை.

அப்போது அவருக்கு ஒரு கிழவியின் ஞாபகம் வந்தது. புதுப் பல்செட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது என் பல்லு மாதிரி இல்லப்பா” என்று திருப்பி அனுப்பியவள். சொந்தப் பல் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. அவள் ‘என் பல்லு’ என்றது பழைய பல்செட்டை. அந்தக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படியேறினார். டைலரம்மா கதவைத் திறந்ததும் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, “அக்கா, ஜட்ஜய்யா நேர்லயே வந்துட்டாரு. நடிக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்கப்பா!” என்றாள். மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த துணியை ஓரமாக வைத்து, நாற்காலியை நகர்த்தி இடம்விட்டாள். அவர் உட்காரவில்லை. தையல் இயந்திரத்தின் அருகிலேயே நின்றார்.

தொடர் முடிகிற இடம் வந்தது. மழை. வண்டி. மாடி ஜன்னலில் அந்தப் பெண். ஜன்னல் சாத்தப்பட்டது. எழுத்துகள் ஓடத் தொடங்கின.

டைலரம்மா காத்திருந்தாள். “என்னண்ணே, பட்டன் எங்கன்னு கேக்கல?”

“புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு” என்றார் அவர். “பட்டனே இல்ல. பாத்துட்டேன்.”

டைலரம்மா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அது புஸ்தகத்துல இல்லங்க. மொத தடவ எடுத்த தொடர்ல நாம பாத்தது.”

“நாமளா?”

“உங்க மொதலாளி வீட்டுக் கூடத்துல. கல்யாணமாகி அஞ்சாறு மாசம் இருக்கும். அப்ப நம்மகிட்ட டிவி ஏது? தரையில உக்காந்து பாத்தோம். இங்கிலீஷ்ல என்னமோ பேசிட்டே இருந்தாங்க, நீங்க என் காதுல அர்த்தம் சொல்லிட்டே வந்தீங்க. பாதி தப்பா இருந்திருக்கும். அந்தப் பட்டன் வந்தப்ப மட்டும் யாரும் பேசல, நீங்களும் பேசல. அது எல்லாருக்கும் புரிஞ்சுது.”

அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலாளி வீட்டுக் குளிர்ந்த தரை. கறுப்பு வெள்ளையில் மழை. திரும்பி நடந்துவரும்போது தெருவிளக்கின் அடியில் இவள் அவரை நிறுத்தி, வாயை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டது. அதன் பிறகு தினமும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அப்படிச் செய்தது. ஒருநாள் அவசரத்தில், ‘விடும்மா, கழுத்தப் புடிக்குது’ என்று தான் கையைத் தட்டிவிட்டதும் தெரிந்தது.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்றார்.

“மொத தடவ நீங்க பட்டன் எங்கன்னு கத்தினப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்த நாளத்தான் நெனச்சுக்கிட்டுக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “அப்புறந்தான் புரிஞ்சுது. உங்களுக்குப் பட்டன் ஞாபகம் இருக்கு. பக்கத்துல நான் உக்காந்திருந்ததுதான் ஞாபகம் இல்ல.”

டைலரம்மா அவசரமில்லாத ஒரு துணியை எடுத்து அவசரமாகத் தைக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்:

“அடுத்த தொடரு வந்தா கீழயே பாக்கலாமா? நான் வாயே தொறக்கமாட்டேன்.”

“நீங்க பேசாம உக்காந்திருந்தா உடம்புக்கு என்னமோன்னு எனக்குப் பயமா இருக்கும்” என்றாள் அவள். அவர் சிரித்தார், சிரிக்க இடம் கொடுத்ததற்காக. பிறகு அவள் மெல்லச் சொன்னாள்: “வேணாங்க. இங்க எனக்குன்னு இவ ஒரு நாற்காலி போட்டுட்டா. பழகிப்போச்சு.”

இருவரும் சேர்ந்துதான் படியிறங்கினார்கள். அவள் வழக்கம்போல மறுநாளைக்கு அவருடைய சட்டையைத் தேய்த்து மாட்டினாள்.

காலையில் அவர் மேல் பட்டனைப் போடாமல் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பையன் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் இன்னொரு கையில் குடையுமாக வந்தாள். அவள் பார்வை அவர் கழுத்தில் ஒரு கணம் நின்றது. கவனித்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. கவனித்தது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“பஸ்ஸு போயிடும்” என்றாள்.

அவர் டப்பாவையும் குடையையும் வாங்கிக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்று பட்டனைத் தானே போட்டுக்கொண்டார். கை நிறையச் சாமான் இருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது.