கடைசியாக எடுக்கும் வாத்து

என் மனைவி லீதாவின் வீட்டில், வேட்டைக்காகத் தண்ணீரில் மிதக்கவிடும் மர வாத்துக்கு உடம்பு செதுக்குவது ஆண்பிள்ளைகள், தலை செதுக்குவது பெண்பிள்ளைகள். அவளுடைய தாத்தா காலத்து ஏற்பாடு அது. வானத்தில் போகிற கூட்டம், கீழே மிதப்பதைத் தன் சாதிசனம் என்று நம்பி இறங்க வேண்டும். தலைதான் அதை நம்பவைக்கும் என்பாள் லீதா. உடம்பு கவிழ்ந்தால் உன் தலை தண்ணீருக்குள்தான் என்பான் அவள் அண்ணன் பர்ஜெஸ். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. மாமனார் கிளீட்டஸ் இருந்தவரை அது விளையாட்டாகத்தான் இருந்தது.

அவர் போன மறுவருடம், கடைவாசலில் நாலு பேர் நடுவே பர்ஜெஸ் வாயை விட்டான். தங்கச்சி செதுக்குகிற செந்தலை வாத்தெல்லாம் கோழி மாதிரி இருக்கிறது என்றானாம். லீதாவுக்கு வாய் நீளம். ஆனால் அன்றைக்கு வேலை செய்தது அவள் கைதான். அவன் கொட்டகைக்குப் போய், ஆணிகளைப் பிடுங்கி, வாத்துகளின் தலைகளை எல்லாம் கழற்றி ஒரு மாவுச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கொட்டகை முழுக்க முண்டங்கள். அவன் மட்டும் லேசுப்பட்டவனா? தானே தலை செதுக்கி மாட்டினான். கண்றாவி! கழுத்து ஒரு பக்கம் போனால் மூக்கு இன்னொரு பக்கம் போனது. எங்கள் தீவே சிரித்தது. அதோடு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். சர்ச்சில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்காருவார்கள். நடுவில் நான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் விடியலில் பர்ஜெஸ் வாத்து சுடத் தனியாகக் காயலுக்குப் போனான். மத்தியானம் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. கூடவே ஊசி ஊசியாகப் பனிமழை. அப்படிக் காற்றடித்தால் காயலின் தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம் வந்து குவியும். அவன் திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. துறையில் கிடந்தது என்னுடையது ஒன்றுதான்.

மாவு உருண்டை போட்ட குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. லீதா அதை அப்படியே விட்டுவிட்டுத் துறைக்கு ஓடி வந்தாள். படிக்கட்டுத் தூணில் ஒரு மர வாத்து முட்டிக்கொண்டிருந்தது. நீளக் கழுத்து, கோணல் மூக்கு. அவர்கள் வீட்டில் அதை முன்னோடி என்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் அதைத்தான் முதலில் தண்ணீரில் விடுவார்கள். திரும்பும்போது மற்றதையெல்லாம் பொறுக்கிவிட்டுக் கடைசியில்தான் அதைப் படகில் ஏற்றுவார்கள். முதலில் போகிறவன் கடைசியில் வரவேண்டும் என்பது மாமனாரின் சட்டம். தண்ணீரில் விடும்போது அவிழ்த்துவிடும் அதன் நங்கூரக் கயிறு வயிற்றைச் சுற்றி ஒழுங்காகச் சுற்றியிருந்தது. ஈயக்குண்டு கழுத்தில் தொங்கியது.

இருக்கிற வெளிச்சம் ஓர் இடத்துக்குப் போகத்தான் காணும். ஒன்று, வடக்கே அவன் உட்கார்ந்து சுடும் நாணல் மறைப்பு. இன்னொன்று, அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியில் உள்ள சிப்பித் திட்டு. மறைப்புக்குத்தான் போகவேண்டும் என்றேன். திட்டுக்கு என்றாள் லீதா. கயிற்றைச் சுற்றி முன்னோடியை எடுத்துவிட்டான் என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். படகு வழியில்தான் கவிழ்ந்திருக்கும், அங்கே கால் ஊன்ற அந்தத் திட்டுதான் உண்டு என்றாள்.

"அது உங்கப்பா காலத்துல. உன்மேல இருக்குற கோவத்துல தலையவே மாத்தினவன் அவன். இத முதல்லயே எடுத்துப் போட்டிருந்தா? மிச்சத்த எடுக்கறதுக்குள்ள படகு அவன் கைய விட்டுப் போயிருந்தா? ஆளு மறைப்புலல்ல வெறச்சுக் கெடப்பான்?"

அவள் அந்தக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தலையத்தான் மாத்தினான். எங்கப்பா சொன்னத மாத்த மாட்டான். திட்டுக்கு விடுங்க."

விட்டேன். அலை படகுக்குள் வந்து விழுந்தது. அவள் முன்பக்கம் குந்தி, அந்த வாத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். வடக்கே பிரியும் இடம் வந்தபோது என் கை தானாகச் சுக்கானைத் திருப்பப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே, தப்பானால் என் தலைமேல் என்றாள். தப்பானால் போவது அவன் உயிர், உன் தலை இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம், அதைவிட அதிகம் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக விட்டேன்.

திட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நுரை. தண்ணீர் அதை மூடிவிட்டிருந்தது. ஆள் இல்லை, படகும் இல்லை. லீதா எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லிக் கத்தினேன், கேட்கவில்லை. அப்போது ஒரு கோணல் கழுத்து அலைமேல் ஏறி இறங்கியது. பின்னால் இன்னொன்று. கயிறு சுற்றிய வாத்துகள் ஒரு கூட்டமாக மிதந்து வந்தன. அவை வந்த திசையிலேயே படகைச் செலுத்தினேன். கவிழ்ந்த படகின் முதுகு தெரிந்தது. அதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மூழ்கிய திட்டின்மேல் நெஞ்சளவு தண்ணீரில் பர்ஜெஸ் நின்றிருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

இரண்டு பேருமாக இழுத்துப் போட்டோம். அவள் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, தேய்த்தாள், கன்னத்தில் அறைந்தாள், மறுபடி தேய்த்தாள். துறை நெருங்கும்போதுதான் அவன் உதடு அசைந்தது.

"முன்னோடி?"

எடுத்துக் காட்டினாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இவ்ளோ அசிங்கமா வேற எவன் செதுக்குவான்?" என்றாள். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

அவன் தேறி எழுந்த பிறகு ஒருநாள் அந்த மாவுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனாள். அவன் செதுக்கிய தலைகளைக் கழற்றிவிட்டு, தான் செதுக்கியதை ஒவ்வொன்றாக அடித்து மாட்டினாள். பர்ஜெஸ் ஆணி எடுத்துக் கொடுத்தான். முன்னோடியின் முறை வந்ததும் அதை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"இதையும் மாத்திடு லீதா, பாக்கவே சகிக்கல" என்றான்.

"இருக்கட்டும்ண்ணே. அன்னிக்கு வழியெல்லாம் இந்தக் கழுத்தத்தான் புடிச்சுக்கிட்டு வந்தேன்."

பர்ஜெஸ் அடுத்த தலைக்கு ஆணியை எடுத்து நீட்டினான்.