பாலம் இல்லாத ஆற்றில் வாகனம் எண்ணியவன்

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளையில் ரோடு, பாலம் பார்க்கும் கந்தோர் ஒன்றில் நான் புதிதாகச் சேர்ந்த கிளார்க். யட்டவத்தைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ஆறு ஓடியது. பாலம் கேட்டுத் தோட்டத்து ஆட்கள் மனு மேல் மனு போட்டிருந்தார்கள்.

எங்கள் இன்ஜினியர் சீமையில் படித்துவிட்டு வந்தவர், நல்ல மனுஷன். அங்கே ரோடும் பாலமும் எப்போதோ போட்டு முடித்தாயிற்று; இனி எதை அகலமாக்குவது என்று பார்க்கத்தான் வாகனங்களை எண்ணுவார்களாம். அதே மாதிரி ஒரு ஃபாரத்தை என்னிடம் கொடுத்து, மூன்று நாள் ஆற்றங்கரையில் எண்ணி வரச் சொன்னார். கார், லொறி, பஸ், வண்டி, ஆம்புலன்ஸ் என்று கட்டங்கள். நடந்து போகிறவர்களுக்குக் கட்டமே இல்லை. அது எனக்கும் உறைக்கவில்லை. புதுக் கால்சட்டையும் குடையுமாக, பெரிய துரை மாதிரிப் போய் உட்கார்ந்தேன்.

தலையில் மூட்டையோடு ஆற்றைக் கடந்து வந்த ஒரு அக்கா, "என்னத்தங்க ஐயா எழுதுறீங்க?" என்றார்.

"இந்தப் பக்கம் வர்ற வாகனத்த எண்ணுறேன்."

"பாலம் இல்லாத ஆத்துலயா? அப்ப மீனத்தான் எண்ணணும்!"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வராதா பின்னே? இரண்டு நாளும் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் மலையில் மழை. தண்ணீர் இடுப்புக்கு மேல் போனது. மத்தியானம், மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பக்கத்தில் புருஷன். நடு ஆற்றில் பின்னால் வந்தவருக்குக் கால் வழுக்கியது. கம்பளி தண்ணீரைத் தொட்டது. "ஐயா, ஒரு கை புடிங்க!" என்று புருஷன் அலறினார்.

குடை எங்கே போனதோ தெரியாது. ஓடிப் போய்க் கம்பளிக்குக் கீழே தோளைக் கொடுத்தேன். அந்தப் பெண் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். கரை சேரும் வரை விடவில்லை. பெரிய ரோட்டில் மிளகு ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்கார நானா, ஏற்றிய மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நான் ஈரத்தோடு உட்கார்ந்து அழுதேன். பிறகு ஃபாரத்தில் ஆம்புலன்ஸ் கட்டத்தில் "ஒன்று" என்று எழுதினேன்.

இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, "பாலமே இல்லையே, ஆம்புலன்ஸ் எப்படிக் கடந்துச்சு?" என்றார்.

"தோள்ல வச்சுத் தூக்கினோம், சேர்."

நடந்ததை எல்லாம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்னோடது. சீமையில இருக்கிறத எண்ணுறாங்க. இங்க, இல்லாததால யாரு கஷ்டப்படுறாங்கன்னு எண்ணணும். திரும்பப் போங்க. ஆள எண்ணுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் நின்று, முந்தானையை விலக்கிக் காட்டினார். உள்ளே சிவக்கச் சிவக்க ஒரு பெண் குழந்தை தூங்கியது.

"இவளயும் சேத்து எழுதிக்கிங்கய்யா."

எழுதினேன். பாலம் வர மேலும் இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனாலும் எதைப் பற்றியும் "தேவையில்லை" என்று சொல்லப் போகும்போது, என் தலைமுடியை யாரோ இறுக்கிப் பிடிப்பது போல இருக்கிறது, வாய் தானாக மூடிக்கொள்கிறது.