நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு ஒரு படிவம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குவாரித் தெருவில் துண்டறிக்கை போட்டது. ஏப்ரல் மாதம், சனிக்கிழமை, தூறல். இரட்டைப்படை எண் வீடுகள் எனக்கு. ஒற்றைப்படை அவளுக்கு. ஆளுக்கொரு மரக்கரண்டி. கதவில் தபால் போடும் துவாரத்துக்குள் தாளைக் கரண்டியால்தான் தள்ள வேண்டும்.

"விரலை உள்ள விடாதடி. நாய் கதவுக்குப் பின்னாடியே காத்துக்கிட்டிருக்கும்."

"ஒவ்வொரு தேர்தலுக்கும் இதையே சொல்றியேம்மா."

"பத்து விரலும் இருக்கில்ல? அப்ப சொன்னது வீண் போகலை."

என் பக்கத்தை ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் நாற்பத்தொன்றாம் எண் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர். அவர் ஏதோ சொன்னார். அம்மா வெளிக்கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எழுபத்தோரு வயதில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஓட்டு கேக்கப் போனியா, விருந்துக்குப் போனியா? இன்னும் பதினோரு வீடு இருக்கு."

"அப்புறம் சொல்றேன், நட."

சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை நான் போனபோது கெட்டில் கொதித்துத் தானாக அணைந்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

அவள் பெயர் க்ளெனிஸ் தாக்ரே. எங்கள் ஊரான கெல்டர்விக்கில் பிறந்து இங்கேயே இருந்தவள். இருபத்திரண்டு வருடம் ஆற்றங்கரைப் பள்ளிக்கு எதிரே மஞ்சள் கோட்டும் வட்டப் பலகையுமாக நின்று, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவிட்டாள். லாரி ஓட்டுநர்களைப் பெயர் சொல்லித் திட்டுவாள். அவர்களும் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு இனிப்புப் பெட்டி கொடுப்பார்கள்.

குவாரி மேட்டுக் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவில் ஆறு. ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். ஒன்பது வருடத்துக்கு முன் நகரமன்றம் இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டுப் பாலத்தை மூடியது. 'பாதுகாப்பு கருதி' என்று ஒரு பலகை. பிள்ளைகள் லாரிச் சாலை வழியே இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றி வரத் தொடங்கினார்கள். அந்தச் சாலையில் ஓரிடத்தில் நடைபாதை இரண்டடி அகலம்தான்.

அம்மா ஒரு வாரம் அந்த இடத்தில் நின்று எண்ணினாள். எண்பத்து மூன்று பிள்ளைகள். கணக்கை எடுத்துக்கொண்டு எங்கள் வார்டு உறுப்பினர் நெவில் ஸ்டாண்டிஷிடம் போனாள். அவர் பாலத்தை இடித்துவிடலாம் என்பவர். "பிடிக்கலைன்னா நீயே தேர்தல்ல நின்னு பாரேன், க்ளெனிஸ்" என்றாராம். நின்றாள். எந்தக் கட்சியும் இல்லாமல். அறுபத்திரண்டு ஓட்டுதான் கிடைத்தது.

நான் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். அடுத்த தேர்தலுக்காக, கரையில் படுத்தும் இடுப்பளவு தண்ணீரில் நின்றும் அந்தப் பாலத்தைச் சோதித்து நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அம்மா முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள்.

"அடுப்புல உருளைக்கிழங்கை வெச்சிட்டு வாசலுக்கு வர்றவ இதைப் படிப்பாளா? ஒரு வரியில சொல்லு."

"குறுக்குச் சட்டம் ரெண்டு துருப்பிடிச்சு அரிச்சிருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பதினோரு வாரத்துல சரி பண்ணலாம்."

"ஆக, ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு. ஆள் சாகலை."

துண்டறிக்கையில் அதைத்தான் அச்சடித்தோம். என் நான்கு பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

அந்தத் தேர்தல் நாளில், வாக்குச்சாவடியான தேவாலயக் கூடத்து வாசலில் அம்மாவும் நெவிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர்களிடம் வாக்காளர் எண் கேட்டுக் குறித்துக்கொள்வது இங்கே வழக்கம். யார் இன்னும் வரவில்லை என்று தெரிந்தால் போய்க் கூப்பிடலாம். தேநீர்க் குடுவை அம்மாவுடையது. பிஸ்கட் நெவில் மனைவி சுட்டது.

"பிஸ்கட் நல்லாருக்கு. உன் பொண்டாட்டி நின்னிருந்தா நானே ஓட்டுப் போட்டிருப்பேன்."

"அவளும் உனக்குத்தான் போட்டிருப்பா போல. காலையிலேருந்து என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறா."

அன்று இரவு எண்ணிக்கை. அம்மாவின் சார்பில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் குறித்துக்கொண்டே வந்தேன். இருவருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சந்தேகச் சீட்டு. தேர்தல் அதிகாரி இருவரையும் அழைத்துக் காட்டினார். ஓட்டுக்கு அடையாளமாகக் கட்டத்தில் போட வேண்டிய சிலுவைக் குறி இல்லை. நெவிலின் கட்டத்துக்குள் பென்சிலால் வரைந்த சிரிக்கும் முகம். அம்மாவின் கட்டம் காலி.

வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் சீட்டு செல்லும். எண்ணம் தெளிவா என்பதில்தான் வாதம் செய்யலாம். அம்மாவின் காதில் சொன்னேன்: "சமமா இருக்கு. இது செல்லாதுன்னு சொல்லு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தாள்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க. அவரைப் பாத்து யாரோ சிரிச்சிருக்காங்க. அவரோடதுதான்."

ஒரு ஓட்டில் தோற்றாள். மறு எண்ணிக்கையிலும் அதேதான். வீடு திரும்பும் வழியில் காரில் அவள் வறுத்த மீனை வினிகர் தெளித்துத் தின்றாள், நான் கத்தினேன்.

"இனி எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் பாலம் திறக்காது, உன்னாலதான்!"

"பொய் சொல்லித் திறந்த பாலத்துல பிள்ளைங்களை எப்படி நடக்கச் சொல்றது? வினிகரை இந்தப் பக்கம் கொடு."

இந்த வருடம் மூன்றாவது முறை. வேட்புமனு ஏற்கப்பட்டு, சீட்டு அச்சாகிவிட்டது. போட்டி அவளுக்கும் நெவிலுக்கும் மட்டும். அவள் இறந்த மறுநாள் கூடத்துக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். வேட்பாளர் இறந்தால் தேர்தல் ரத்து. ஜூன் மாதம் புதிதாக நடக்கும். நெவில் மறுபடி மனுக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு யாரும் மனுக் கொடுக்காவிட்டால் போட்டியே இல்லாமல் அவர் உறுப்பினர். பாலத்துக்காகப் பேச ஆள் இருக்காது.

அடக்கத்துக்கு நெவில் வந்தார். கறுப்பு டை. கையில் பிஸ்கட் டப்பா.

"ஹெதர், உங்கம்மாவை நான் ஒரு ஓட்டுல ஜெயிச்சேன். அதை ஜெயிச்சதா என் வீட்டுக்காரியே ஒத்துக்கலை. இப்ப எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சா வீட்டுக்குள்ளயே விட மாட்டா. நீ நில்லும்மா."

"எனக்குப் பேச வராது, நெவில்."

"எனக்கு வருதுன்னு யாரு சொன்னா? பன்னெண்டு வருஷமா ஓட்டிட்டேனே."

"நான் நின்னா பாலத்தைப் பத்தித்தான் பேசுவேன்."

"தெரியும். அந்த நாலு பக்க அறிக்கை இருக்குன்னு உங்கம்மா சொன்னா. அனுப்பு. நானும் ஒரு தடவை படிச்சுப் பாக்குறேன்."

என் அறிக்கையை முதன்முதலாகக் கேட்டவர் அவர். அன்று மாலையே அனுப்பினேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: துருப்பிடித்த சட்டம் இரண்டும் எந்தக் கரைப் பக்கம்? சரியான கேள்வி. வெள்ளிக்கிழமை நான் மனுக் கொடுத்தேன். எதிர் வீட்டு மூன்று பிள்ளைகளின் தாய் முன்மொழிந்தாள்.

துண்டறிக்கை போட அம்மாவின் கரண்டியே வேண்டும் என்று அவளது மழைக்கோட்டை நேற்றுத்தான் எடுத்தேன். பையில் கரண்டி இருந்தது. பாதி தீர்ந்த புதினா மிட்டாய்ப் பொட்டலம். மடித்த ஒரு துண்டறிக்கை. அதன் பின்பக்கம் பென்சிலில் அவள் கையெழுத்து:

'எண் 41. முகம் வரைந்தது இவர்தான்!! நெவிலைக் கேலி செய்ய வரைந்தாராம். இந்த முறை ஒழுங்காகச் சிலுவை போடுவாராம், எனக்கு. இடுப்பு எலும்பு சரியில்லை, கூடத்துக்கு வர முடியாது. தபால் ஓட்டுப் படிவம் கொண்டுபோகணும். செவ்வாய், கடைசி நாள்.'

அந்தச் சிரிப்பின் காரணம் தெரிந்தது. சமையலறையில் தனியாக நின்று நானும் சிரித்தேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன்.

அவளது செவ்வாய் போய்விட்டது. தேர்தல் தள்ளிப்போனதால் கடைசி நாளும் தள்ளிப்போயிருக்கிறது. நகரமன்ற அலுவலகத்தில் கேட்டேன். இன்னும் ஒன்பது நாள். அவர் எனக்குப் போடுவாரா என்று தெரியாது. வாக்குக் கொடுத்தது அம்மாவுக்கு. யாருக்குப் போட்டாலும் படிவம் அவர் கைக்குப் போக வேண்டும்.

படிவத்தை வாங்கிக் கோட்டுப் பையில் கரண்டியோடு வைத்திருக்கிறேன். இதைத் துவாரத்தில் தள்ளிவிட்டு வர முடியாது. கதவைத் தட்ட வேண்டும்.