நானே போட்ட லேமினேஷன்

வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் நர்சிங் முடித்ததும் அவளுடைய பட்டச் சான்றிதழைப் பெருமையோடு நானே லேமினேட் செய்தேன்.

பிறகு அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. சான்றிதழின் பின்புறம் அரசு முத்திரை இருந்தால்தான் அங்கே செல்லுமாம். முத்திரை வாங்கப் போனோம். "லேமினேட் பண்ணதுல சீல் போட முடியாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. டூப்ளிகேட் சான்றிதழ் வருவதற்குள் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

"விடுப்பா, ஆசையாத்தான போட்ட" என்றாள் மகள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது யார் சான்றிதழ் கொண்டுவந்தாலும், "லேமினேட் வேணாங்க, கவர்ல போட்டு வைங்க" என்று சொல்லிவிடுகிறேன். இங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் மகள், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து நிற்கும்போது மட்டும் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.